ஜப்பானியத் தாயும் கொரியத் தாயும்

கொரிய நாடகம் பார்ப்பவன் என்று ஒருவன் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டால், நம் விடுதியில் அவனுக்கு ஒரு புன்னகை கிடைக்கும். ஜப்பானிய நாடகம் பார்ப்பவன் என்று சொல்லிக்கொண்டால் உட்கார நாற்காலியே கிடைக்கும். முன்னவன் பொழுதைப் போக்குகிறானாம். பின்னவன் கலையை ஆராய்கிறானாம்! சென்ற ஆண்டு வரையில் நானும் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன்தான். ஆகையால் இந்தக் கட்டுரையில் நான் யாரையாவது குறை கூறுவதாகத் தோன்றினால், முதலில் என்னையே கூறிக்கொள்கிறேன் என்று நண்பர்கள் கொள்ள வேண்டும்.

மன்ற மலருக்கு ஒரு விலங்கியல் மாணவன் தவளையைப் பற்றியோ தட்டானைப் பற்றியோ எழுதலாமே, தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி இவனுக்கு என்ன பேச்சு என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டாராம். கேட்டது நியாயந்தான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் தவளையைப் பற்றிப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர், கைத்தொலைபேசியில் சியோல் நகரத்து மழையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் எத்தனை பேர் என்று விடுதிக் காப்பாளர் ஒரு நாள் கணக்கெடுத்தால், தீர்ப்பு என் பக்கந்தான் இருக்கும். இத்தனை பேர் இத்தனை இரவுகளைச் செலவிடும் ஒரு பொருளைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பதில் தவறு என்ன?

எனக்கு இந்தப் பழக்கம் இரண்டு தவணையாக வந்தது. நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, 2014-ஆம் ஆண்டு வாக்கில், புதுயுகம் தொலைக்காட்சியில் கொரிய நாடகங்கள் தமிழ்க் குரலில் வந்தன. கோவில்பட்டியில் எங்கள் தெருப் பெண்கள் குழாயடியில் கொரியக் கதாநாயகனைப் பற்றி விவாதித்த காலம் அது. சிறுவனாகிய எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதவோரம் நின்று பார்த்தேன். பிறகு அதை மறந்துவிட்டேன். வடக்கே வந்து இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் எனக்கு அறைத் தோழனாக வாய்த்தவன் இம்பாலைச் சேர்ந்தவன். மணிப்பூரில் 2000-ஆம் ஆண்டில் ஒரு தீவிரவாத இயக்கம் இந்திப் படங்களுக்குத் தடை விதித்தது. அந்த வெற்றிடத்தில் கொரியாவின் அரிராங் தொலைக்காட்சி கேபிள் வழியே வந்து குடியேறியது. என் தோழனுடைய அக்காமார் கொரியச் சொற்களைப் பேச்சில் கலந்து வளர்ந்தவர்கள். தடை சரியா தவறா என்ற விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிக்காரன் ஒருவனும் இம்பால்காரன் ஒருவனும் இந்தியில் தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தபோது, இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய நினைவு இருந்ததென்றால், அது கொரியப் பள்ளிக்கூடத்து மாடிப்படி ஒன்றுதான். இதை எண்ணினால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஜப்பானிய நாடகங்களை நானாகத் தேடிப் போனேன். ஏன் தேடிப் போனேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டையும் ஒப்பிடுவோர் வழக்கமாகச் சொல்லும் வாய்பாடு ஒன்று உண்டு. ஜப்பானியர் அடக்கமுள்ளவர்கள், அதனால் அவர்கள் நாடகத்தில் மௌனம் மிகுதி. கொரியர் உணர்ச்சி மிக்கவர்கள். அதனால் அவர்கள் நாடகத்தில் கண்ணீர் மிகுதி. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஒரு நாட்டு மக்களின் இயல்பை இரண்டு சொல்லில் அடக்கிவிட்ட திருப்தியும் ஏற்படுகிறது. ஆனால் விஞ்ஞானம் படிப்பவன் இதை ஒப்புக்கொள்வதற்கு முன் எதிர்ச் சான்று உண்டா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

எதிர்ச் சான்று தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் ஒளிபரப்பிய 'ஓஷின்' என்ற காலை நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடப் பகுதிகள், மொத்தம் 297. ஏழு வயதுச் சிறுமியை ஒரு மூட்டை அரிசிக்காகப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். தெப்பத்தில் அவள் ஆற்றோடு போக, கரையில் தந்தை ஓடி வருகிறார். இதில் அடக்கம் எங்கே இருக்கிறது? ஜப்பான் முழுவதும் காலை வேளையில் உட்கார்ந்து அழுதது. பார்ப்போர் விழுக்காடு சராசரி 52.6, உச்சத்தில் 62.9. அங்கே எந்த நாடகத்துக்கும் இதற்கு மேல் கிடைத்ததில்லை. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது சென்றது. மௌனமான மக்கள் என்று நாம் பெயர் வைத்தவர்களின் மிகப் பெரிய வெற்றி, கண்ணீர்க் கதைதான்!

மறுபக்கம் பாருங்கள். 2018-இல் கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் வந்த 'மை மிஸ்டர்' நாடகத்தில், கட்டடங்களின் பாதுகாப்பை ஆராயும் பொறியாளர் ஒருவரும், கடனில் மூழ்கிய இளம்பெண் ஒருத்தியும் வருகிறார்கள். இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள், குடிக்கிறார்கள், பெரும்பாலும் பேசாமல் இருக்கிறார்கள். பதினாறு பகுதிகளில் அவர்கள் பேசிக்கொண்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடக்கிவிடலாம் போலத் தோன்றும். மௌனம் ஜப்பானியரின் தனிச் சொத்து என்றால் இது எப்படி நேர்ந்தது?

ஆகவே மக்களின் இயல்பு என்ற மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு, வேறு காரணத்தைத் தேடுவோம். எனக்குத் தோன்றிய காரணம் மிகச் சாதாரணமானது. அது கால அட்டவணை.

ஜப்பானில் வணிக அலைவரிசைகளின் நாடகம் ஆண்டுக்கு நான்கு பருவமாகப் பிரிந்திருக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதிய நாடகங்கள் தொடங்கும். வாரத்துக்கு ஒரு பகுதி. விளம்பரம் நீங்க முக்கால் மணி நேரம். பத்து அல்லது பதினொரு பகுதியில் முடிந்துவிடும். அடுத்த பருவத்து நாடகம் வாசலில் காத்து நிற்கும். கொரியாவில் நெடுங்காலம் இருந்த முறை வேறு. வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள், திங்கள் செவ்வாய் என்றோ, புதன் வியாழன் என்றோ, ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல், பதினாறு அல்லது இருபது பகுதி. அதற்கும் மேலாக, எழுத்தாளர் எழுதிக்கொண்டே இருக்க, படப்பிடிப்புக் குழு அவர் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று எடுக்க வேண்டிய காட்சி அன்று காலையில் தாள் தாளாக வந்து சேர்ந்த கதைகள் ஏராளம். வேலை நேரத்தை வாரத்துக்கு 52 மணியாகக் குறைத்த சட்டம் 2018-இல் வந்த பிறகும், இணைய நிறுவனங்கள் பணத்துடன் நுழைந்த பிறகும் இந்த ஓட்டம் தணிந்திருக்கிறது. பன்னிரண்டு பகுதியோடு முடியும் கொரிய நாடகங்களும் இப்போது நிறைய வருகின்றன.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜப்பானிய நாடக ஆசிரியரிடம் எட்டு மணி நேரம் இருக்கிறது. கொரிய ஆசிரியரிடம் பதினாறு முதல் இருபது மணி நேரம் இருக்கிறது. எட்டு மணி நேரக்காரர் ஒரு பாத்திரத்தின் தம்பிக்குக் காதல் வைக்க முடியாது. வைத்தால் கதை நிற்கும் இடம் போய்விடும். இருபது மணி நேரக்காரர் தம்பிக்கு மட்டுமன்றித் தம்பியின் முதலாளிக்கும் காதல் வைத்தாக வேண்டும். நாளைக்கே அடுத்த பகுதி வருகிறதென்றால், இன்றைய பகுதியைக் கதவு திறக்கும் இடத்தில் நிறுத்தலாம். ஒரு வாரம் கழித்துத்தான் வரும் என்றால், அந்தந்தப் பகுதி தன்னளவில் ஒரு சிறுகதை போல முடிந்தாக வேண்டும். 2005-இல் ஜப்பானில் ஒன்பது பகுதியாகவும், 2009-இல் கொரியாவில் இருபத்தைந்து பகுதியாகவும் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' கதையைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டாம். இரண்டுக்கும் மூலம் ஒரே ஜப்பானியப் படக்கதைதான். ஜப்பானிய நாடகம் அதன் பிறகு இரண்டாவது தவணையாகப் பதினொரு பகுதியும் எடுத்துக்கொண்டது. இருந்தும் கொரியர் எட்டிய நீளத்தைத் தொடவில்லை. (நம் ஊர்ப் பெரியோர் 'கோலங்கள்' நாடகத்தை 2003 முதல் 2009 வரை பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் இருபத்தைந்து பகுதியை நீளம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.)

இனி என் சோதனைக்கு வருகிறேன். இரண்டு பொருள்களின் வேறுபாட்டை அறிய வேண்டுமானால், மற்றவை எல்லாம் சமமாக இருக்கும் ஓர் இணையைத் தேர்ந்தெடுப்பது ஆய்வுக்கூட வழக்கம். அத்தகைய இணை ஒன்று இருக்கிறது. 'மதர்' என்ற நாடகம். ஜப்பானில் 2010-இல் பதினொரு பகுதியாக நிப்பான் தொலைக்காட்சியில் வந்தது. எழுதியவர் யூஜி ஸகாமோட்டோ. 1991-இல் 'டோக்கியோ லவ் ஸ்டோரி' வந்தபோது இவருக்கு வயது 23. (என் வயது! நான் இதுவரை எழுதியவை செய்முறைக் குறிப்பேடுகள் மட்டுமே.) பிற்காலத்தில் 2023-இல் கான் திரைப்பட விழாவில் 'மான்ஸ்டர்' படத்துக்காகச் சிறந்த திரைக்கதைப் பரிசு பெற்றவரும் இவரே. கொரியாவில் அதே 'மதர்' 2018-இல் பதினாறு பகுதியாக வந்தது. எழுதியவர் ஜோங் ஸோ-கியோங் என்ற அம்மையார். பார்க் சான்-வூக் இயக்கிய படங்களுக்கு எழுதியவர். கொரியரின் பேக்ஸாங் விருது விழாவில் அவ்வாண்டின் சிறந்த நாடகமாக அது தேர்வாயிற்று. துருக்கியிலும் இதே கதை 33 பகுதியாக வந்திருக்கிறது என்று அறிகிறேன்; அது என் சக்திக்கு அப்பாற்பட்டது.

கதை இதுதான். வலசைப் பறவைகளை ஆராயும் ஒரு பெண். அவள் வேலை செய்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் மூடப்படுகிறது. வயிற்றுப் பாட்டுக்காக ஒரு தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை ஆகிறாள். குழந்தைகளை அவளுக்குப் பிடிக்காது. வகுப்பில் ஒரு சிறுமி, உடம்பில் காயங்கள். ஒரு குளிர்கால இரவில் அந்தக் குழந்தை குப்பைப் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போடப்பட்டிருக்கக் காண்கிறாள். அன்றே முடிவு செய்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போய், தானே தாய் என்று வாழத் தொடங்குகிறாள். சட்டத்தின் கண்ணில் இது குழந்தைக் கடத்தல்.

நான் முதல் பகுதியிலேயே பிடிபட்டதற்குக் காரணம் அந்தச் சிறுமி அல்ல; மூடப்பட்ட ஆய்வுக்கூடம். சென்ற கோடையில் நான் வேலை பழகப் போன ஆய்வுக்கூடம் ஒன்று நிதி வராமல் பாதியில் நின்றது. என் மூத்தவர் ஒருவர் நான்கு வருஷத்துத் தரவுகளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறினார். பறவைகளை வளையமிட்டுக்கொண்டிருந்தவள் ஒரே மாதத்தில் பள்ளிக்கூட மணியடிக்கு ஓடும் காட்சியை, மற்றவர் கதையின் தொடக்கம் என்று பார்ப்பார்கள். நம் துறையினர் அதைச் செய்தி என்று பார்ப்போம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். என் அட்டவணைக் கொள்கை பெரும்பாலும் நிற்கிறது. கொரிய நாடகத்தில் மிகுந்திருக்கும் நேரம் எங்கே போயிற்று என்று பார்த்தால், குழந்தையின் தாயோடு வாழும் அந்தக் கொடியவன் பக்கம் போயிருக்கிறது. ஜப்பானிய நாடகத்தில் அவன் ஒரு சிறு நிழல். கொரிய நாடகத்தில் அவனுக்கு முன்கதை உண்டு, தந்திரம் உண்டு, துரத்தல் உண்டு. நடித்தவர் நன்றாகவே நடித்தார். ஆனால் அவன் வந்த இடமெல்லாம் கதை துப்பறியும் நாவலாகிவிடுகிறது என்பது என் எண்ணம். ஜப்பானியர் அந்தக் கொடுமைக்கு எங்கே காரணம் தேடுகிறார்கள் என்றால், பெற்ற தாயிடம். எட்டாம் பகுதி முழுவதும் அவள் கதைதான். குழந்தையை உயிராக நேசித்த ஓர் இளம்பெண், தனியாக, உதவிக்கு ஆளின்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக எப்படிக் கொடியவளானாள் என்று காட்டுகிறார்கள். அவள் தீயவள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை. அந்த ஒரு பகுதிக்கு ஈடாக நான் எந்தக் கொரிய நாடகத்திலும் கண்டதில்லை.

ஜப்பானிய நாடகத்தில் ஆசிரியையைப் பெற்ற தாயாக, முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் முதிய பெண்ணாக, நடித்தவர் யூகோ தனாக்கா. 1983-இல் வளர்ந்த ஓஷினாக நடித்து நாட்டையே அழவைத்த அதே நடிகை. இருபத்தேழு ஆண்டு கழித்து, ஏறக்குறைய ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். நான் 'ஓஷின்' சில பகுதிகள் பார்த்த பிறகுதான் இதை அறிந்தேன். அறிந்ததும் திரும்பிப் போய் அந்தத் தேநீர்க் காட்சியை மறுபடி பார்த்தேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. திரையடியில் ஓடும் ஆங்கில வரிகளை நம்பித்தானே நாம் எல்லோரும் பார்க்கிறோம்? அந்த வரிகள் நமக்கு ஒரு துரோகம் செய்கின்றன. ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும், நம் தமிழைப் போலவே, வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'உன்னை நான் விட்டுவிட்டுப் போக' என்பது வரையில் பேசிவிட்டு ஒருவன் மூச்சு வாங்கலாம். போகிறானா போகவில்லையா என்பது அந்த மூச்சுக்குப் பிறகுதான் தெரியும். நல்ல நடிகர்கள் அந்த மூச்சில்தான் நடிக்கிறார்கள். ஆங்கில வரியோ எடுத்த எடுப்பில் 'மாட்டேன்' என்பதை உடைத்துவிடுகிறது! தமிழ்க் குரலில் கேட்டபோது குழாயடிப் பெண்களுக்குக் கிடைத்தது, ஆங்கிலத்தில் படிக்கும் பட்டதாரிகளாகிய நமக்குக் கிடைக்கவில்லை. மரியாதைச் சொல்லும் அப்படியே. கொரிய நாடகத்தில் ஒருத்தி 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறினால் அது ஒரு நிகழ்ச்சி; அதற்காக ஒரு பகுதியே எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். முன் சொன்ன 'மை மிஸ்டர்' நாடகத்தின் பெயரில் 'மிஸ்டர்' என்று ஆக்கப்பட்ட கொரியச் சொல் 'அஜோஷி'. உறவில்லாத பெரியவரை நாம் 'மாமா' என்றும் 'அண்ணாச்சி' என்றும் அழைப்பதற்கு அது நெருக்கமே தவிர, அலுவலகத்து மிஸ்டருக்கு அன்று.

இங்கே நம் மன்றத்து அன்பர்கள் சிலர் எழுந்து, கொரியரும் தந்தையை அப்பா என்கிறார்களே, ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்று ஸுஸுமு ஓனோ என்ற அறிஞர் கூறவில்லையா என்று தொடங்குவார்கள். அமருங்கள், நண்பர்களே. ஓனோ கூறியதை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. உலகத்தில் பல மொழிகளில் குழந்தை முதலில் சொல்லும் ஒலிகள் ஒன்று போலவே இருக்கும். உறவு இருந்தால்தான் நாடகம் நெஞ்சைத் தொடும் என்பதில்லை. உறவே இல்லாத ஒரு மொழியில், வாக்கியம் நம் வாக்கியத்தைப் போலக் கடைசி வரை காத்திருக்கிறது என்பது எனக்குப் போதுமான வியப்பு.

அட்டவணையைக் கழித்து, மொழியைக் கழித்து, மிச்சம் என்ன? முடிவு மிச்சம். இதற்கு என்னிடம் கொள்கை இல்லை.

இரண்டு நாடகத்திலும் ஆசிரியை பிடிபடுகிறாள், தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது, குழந்தை விடுதிக்குப் போகிறது. ஜப்பானிய நாடகத்தில் அந்தக் குழந்தை தனியே வழி தேடி டோக்கியோவுக்கு வந்து சேர்கிறாள். ஆசிரியை என்ன செய்கிறாள்? ஓர் இரவு தன்னோடு வைத்துக்கொண்டு, மறுநாள் தானே அழைத்துக்கொண்டு போய் வடக்கே முரோரான் ஊரில் விடுதி வாசலில் விட்டுவிட்டுத் திரும்புகிறாள். இருபது வயதில் படிக்கவேண்டிய ஒரு கடிதத்தைக் கொடுக்கிறாள். அவ்வளவுதான். பல ஆண்டுக்குப் பின் இருவரும் சந்திப்பதை, முகங்களைக் கூடச் சரியாகக் காட்டாமல், ஓரிரு நொடியில் முடித்துவிடுகிறார்கள். கொரிய நாடகம் இந்த முடிவை ஏற்கவில்லை. சில காலப் பிரிவுக்குப் பின், சட்டப்படியே அவளைத் தாயாக்கி, குழந்தையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஜப்பானிய முடிவே உயர்ந்தது என்று மன்றத்தின் வாரக் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசினேன். வலசைப் பறவையின் குஞ்சு, இரவு வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதைக் முதல் வலசைக்கு முன்பே பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்பதை, ஸ்டீபன் எம்லன் என்பவர் கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார். ஆசிரியை குழந்தைக்கு வானத்தைக் காட்டிவிட்டாள், பறப்பது இனி அவள் பாடு, இதுவே உண்மையான தாய்மை என்று முடித்தேன். கைதட்டினார்கள். வேதியியலில் ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னைப் பார்த்து, "ஏழு வயசுப் பிள்ளை பதிமூணு வருஷம் காத்திருக்கட்டும்னு சொல்றதுக்கு நீ யாரு தம்பி?" என்று கேட்டார்.

"நான் சொல்லலையே அக்கா, கதாசிரியர்தானே சொல்றார்" என்றேன்.

"அவர் எழுதினார். அதுதான் உயர்ந்ததுன்னு சொன்னது நீ."

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஆனால் ஏன் அப்படிப் பேசினேன் என்பது மட்டும் அன்றிரவு தெரிந்தது.

அதற்கு முந்தின டிசம்பரில் எனக்குப் பருவத் தேர்வு. நாள்தோறும் இரவு அம்மாவுடன் தொலைபேசியில் பேசுவேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான், சரி வைக்கிறேன். தேர்வு முடிந்த அன்று மாலை அத்தான் கூப்பிட்டு, அப்பாவுக்கு மதுரையில் இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துப் பதினொரு நாள் ஆகிறது என்றார். அந்தப் பதினொரு நாளும் அம்மா என்னோடு பேசியது மருத்துவமனையின் தாழ்வாரத்திலிருந்து! நான் உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். ஏன் மறைத்தீர்கள் என்று கத்த வேண்டுமென்று கூப்பிட்டேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். அந்த வாரந்தான் ஜப்பானிய நாடகங்களைத் தேடிப் போனேன். யாரும் யாரையும் கேட்காத வீடுகள், சொல்லாமலே ஊற்றிக் கொடுக்கும் தேநீர், பாதியில் நிற்கும் வாக்கியம். ஆகா, எவ்வளவு நயம் என்று பாராட்டினேன். கொரிய நாடகத்தில் ஒரு மகள் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று தாயின் முன் உட்கார்ந்து அழுதால், மிகை என்று முகம் சுளித்தேன். என் வீட்டு வழக்கத்துக்கு ஒரு நல்ல பெயர் தேடிக்கொண்டிருந்தேன் போலும். கலை ரசனை என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டேன்.

இதனால் ஜப்பானிய முடிவு தாழ்ந்துவிடாது. அது உயர்ந்தது என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் கொரிய 'மதர்' நாடகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஜப்பானியதை ஒரு முறைக்கு மேல் பார்க்கத் துணியவில்லை. விடுதியில் நாற்காலி போடும் நண்பர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

சென்ற தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது இரண்டு நாடகங்களின் கடைசிப் பகுதியையும் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். கதையை முன்னால் சொல்லிவிட்டு, ஆங்கில வரிகளை நான் தமிழில் படிக்க, அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்பா பத்திரிகை படிப்பது போல் கட்டிலில் இருந்தார். கொரியக் குழந்தை ஓடி வந்து அழைத்தபோது வழக்கம்போல் நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். "இதை நீ சொல்ல வேண்டாம், எனக்கே புரியுது" என்றாள் அம்மா. அடுத்து ஜப்பானிய நாடகம். விடுதி வாசலில் குழந்தையை விட்டுவிட்டு ஆசிரியை திரும்பி நடக்கிறாள். முறத்தில் கை நின்றுவிட்டது.

"அந்தப் பிள்ளைக்கு இனி யாரு தலை பின்னி விடுவா?" என்றாள்.

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். இத்தனை நேரம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அவ செஞ்சதுதான் சரி. கூடவே வச்சிருந்தா அந்தப் பிள்ளையோட படிப்பு என்னாகுறது?" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "உங்க அப்பாவுக்கு அப்படித்தான் தோணும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, பரிட்சை முடியிற வரைக்கும் அவன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினது யாருன்னு நினைச்சே?"

அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கடை அடைத்துவிடப் போகிறார்கள் என்று சொல்லி எழுந்து வாசலுக்குப் போனார். நான் மடிக்கணினியை நிறுத்தவில்லை. கடிதம் இன்னும் பாக்கி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றார்.